பாண்டு அண்ணனின் மீதி நான்கு நிமிடம்

எங்கள் தொழிற்சாலையில் செல்போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்டு முடிந்து வெளியே வந்து போனை வாங்கிய பிறகுதான் உலகத்தில் என்ன நடந்தது என்று தெரியும். அன்று மாலை போனைத் திறந்தபோது வள்ளி அண்ணியின் எண்ணிலிருந்து பதினொரு அழைப்புகள் வந்து போயிருந்தன. வள்ளி அண்ணிக்கு என்றாவது ஒரு நாள் ஏதாவது ஆகிவிடும், அந்தச் செய்தி இப்படித்தான் வந்து சேரும் என்று மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தவன் நான். ஒரகடம் கூட்டுரோட்டில், கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு திரும்ப அழைத்தேன். எடுத்தது வள்ளி அண்ணியேதான். "தம்பி, அவரு பூட்டாரு" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, நிம்மதி. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அண்ணிக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகுதான் 'அவரு' என்றால் அண்ணியின் கணவர், எங்கள் பாண்டு அண்ணன் என்பது மனதில் ஏறியது.

பிள்ளைப்பாக்கம் பாண்டுரங்கனை உங்களில் சிலர் கோயில் பம்பைக்காரராக அறிந்திருப்பீர்கள். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் அம்மன் கோயில்களில், இடுப்பில் பம்பை மேளத்தைக் கட்டிக்கொண்டு நிற்பவராக. சிலர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சட்டையும் விசிலுமாகப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதிகம் பேர் அவருடைய முகம் தெரியாமல் குரலை மட்டும் அறிந்தவர்கள். ஷேர் ஆட்டோவிலும் கம்பெனி பஸ்ஸிலும் விடுதி மொட்டை மாடியிலும் கேட்டவர்கள். அவர்தான் எங்கள் 'கூட்டுரோடு' குழுவின் பாடகர். நான் அந்தக் குழுவின் கிதார்காரன், ஸ்டீபன். ஆர்மோனியமும் கீபோர்டும் ஜமால் பாய். அவ்வளவுதான் குழு. ஐம்பத்திரண்டு வயதில், ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் பிறகு எழுந்திருக்கவில்லை.

நாங்கள் மூவரும் முதலில் சந்தித்தது வாலாஜாபாத்தில் ஒரு மைக்செட்காரரின் கொட்டகையில். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி சொல்லிவிட்டுப் போக வந்தவன், மழை பிடித்துக்கொண்டதால் உட்கார்ந்து கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் கோயிலுக்காக மைக் கேட்க வந்திருந்த பாண்டு அண்ணன் எதிரே குந்தி, சற்று நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கம்பியில எதுக்குபா இவ்ளோ சோகம்? கொஞ்சம் ஓட வுடு." அவர் தன் தொடையில் தட்டினார், நான் ஓட விட்டேன். கவாலிக் கச்சேரிக்கு மைக் கேட்க வந்திருந்த ஜமால் பாய் கொட்டகையில் கிடந்த ஆர்மோனியத்தின் தூசியைத் தட்டினார். மழை நின்றும் மூவரும் கிளம்பவில்லை. சேர்ந்து மேடையேறத் தொடங்கியதும் கோயில்காரர்கள் இது சாமிப் பாட்டா டான்ஸ் பாட்டா என்று கேட்டார்கள். எங்கள் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஜெபம் பண்ணினார். ஜமால் பாயின் மாமனார் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. மூன்று பக்கமும் சமமாகத் திட்டு வாங்கிய குழு எங்களுடையது.

பம்பைக்காரரின் வேலை என்ன என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பம்பை அடித்து, அம்மனை வர்ணித்துப் பாடினால், கூட்டத்தில் யாராவது ஒருவர் மேல் சாமி வரும். வந்த சாமி குறி சொல்லும், ஆடும், அழும். அதன் பிறகு அதே பம்பைக்காரர் வேறொரு தாளத்தில், வேறொரு மெட்டில் பாடி, கற்பூரம் ஏற்றி, வந்த சாமியை வழியனுப்ப வேண்டும். மலையேற்றுவது என்பார்கள். அதைச் செய்யாவிட்டால் சாமி வந்தவர் திரும்பி வரமாட்டார்; கண் நிலைகுத்தி அப்படியே நிற்பார். பாண்டு அண்ணன் அடிக்கடி சொல்வார்: "கூப்புடத் தெரிஞ்சவன் பத்துப் பேரு கீறான். அனுப்பத் தெரிஞ்சாத்தான் அவன் பம்பக்காரன்." நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நம்பாதவனுக்குக்கூடப் பயம் வரும். அதற்கு நானே சாட்சி.

இனி என் தவறு. தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு கேசட் போடும் வாய்ப்பு வந்தது. அதில் முதல் பாட்டு 'அழைப்பு'. அண்ணனின் வர்ணிப்பு, அதற்குக் கீழே என் கிதார், ஜமால் பாயின் ஆர்மோனியம். பத்து நிமிடம் அழைப்பு, நான்கு நிமிடம் வழியனுப்பு. பதிவு முடிந்து அண்ணன் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டார். பாட்டுகளை வரிசைப்படுத்த நானும் ஜமால் பாயும் இருந்தோம். கேசட்டின் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் அதிகமாக இருக்கிறது, எதையாவது குறையுங்கள் என்றார் ஸ்டுடியோக்காரர். ஜமால் பாய் என்னைப் பார்த்தார். நான் வழியனுப்பைக் குறைக்கச் சொன்னேன். அது மெதுவாகப் போகிறது, அழைப்பு உச்சத்தில் இருக்கும்போதே சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மறைய விட்டால் அழகாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அந்த நான்கு நிமிடத்தில் கிதார் கிடையாது.

கேசட் வெளிவந்த மாதத்தில் வள்ளி அண்ணியின் தங்கைக்குக் கல்யாணம். மச்சான் பாட்டு என்று பெருமையாக ஒலிபெருக்கியில் போட்டார்கள். காலை பத்து மணி, சமையல் நடந்துகொண்டிருக்கிறது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணிக்குச் சாமி வந்துவிட்டது. அழைப்பு மெல்லத் தேய்ந்து மறைந்தது. அடுத்த பாட்டு, என் கிதாரோடு ஜோராகத் தொடங்கியது. அண்ணி கையில் கத்தியோடு, கண் இமைக்காமல், மூன்று மணி நேரம் நின்றார். நான் அந்தப் பந்தலில்தான் இருந்தேன். கத்தியை வாங்கப் போன என் கையைப் பிடித்தார் அண்ணி. அந்தப் பிடியில் எனக்குத் தெரிந்த அண்ணி இல்லை. வேறு ஊர்க் கோயிலில் பம்பை அடிக்கப் போயிருந்த அண்ணனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் ஓடி வந்து, பாடி, கற்பூரம் காட்டி அனுப்பிய பிறகு என் பக்கம் திரும்பினார். கேசட்டில் வழியனுப்பு இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "கதவத் தொறந்து வெச்சிட்டு வந்துட்டியே ஸ்டீபா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் என்னைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குழு அன்றோடு முடிந்தது. கிடைத்த கேசட்டையெல்லாம் அண்ணன் தேடி வாங்கி ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார். பிறகு கேசட்டுகளின் காலமே முடிந்துவிட, நாங்கள் மூவரும் மூச்சு விட்டோம். நிலங்கள் கம்பெனிகளாக மாறின. நான் குன்றத்தூரிலிருந்து தினமும் வந்து ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன் ஆனேன். அண்ணன், திருவிழா இல்லாத மாதங்களில் செக்யூரிட்டி ஆனார். வள்ளி அண்ணி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடுகிற பாதையைத் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஜமால் பாய் ஒரகடத்தில் செல்போன் கடை வைத்தார். ரீசார்ஜ், மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. தென் மாவட்டங்களிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருந்த பையன்கள் அந்தக் கடையில்தான் மொய்ப்பார்கள்.

அந்தப் பையன்களில் ஒருவன் ஒரு நாள் தன் கார்டைக் கொடுத்து இடம் காலி பண்ணச் சொன்னபோது, அதில் 'அழைப்பு' இருந்ததைப் பாய் பார்த்தார். எங்கேயோ யாரோ பழைய கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். அது கார்டு கார்டாகப் பரவி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை எல்லா விடுதியிலும் ஓடிக்கொண்டிருந்தது. பாய்க்கு சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பவும் குழுவைக் கூட்டி ஆல்பம் போடலாம் என்று எனக்குப் போன் செய்தார். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் கழிவறைக்குள் உட்கார்ந்திருந்தேன். பாய் அண்ணனிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பசங்க கேக்குறது பாதியா, முழுசா?" பாதிதான் என்றார் பாய். அண்ணன் எழுந்து போய்விட்டார்.

நாங்கள் பயந்தது இரண்டே வாரத்தில் நடந்தது. அண்ணியின் கம்பெனி பஸ்ஸில், பகல் ஷிப்டு முடிந்து வரும்போது, பின் சீட்டுப் பெண் ஒருத்தி போனில் அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறாள். அண்ணி எழுந்து நின்று, ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டு வரை போய்விட்டார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். நானும் அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்: "எங்கூர்ல சாமி வந்தா ஆடி முடிச்சு அடங்கிரும்லா அண்ணே. இவ்வொ ஆடவும் மாட்டேங்காவொ, அடங்கவும் மாட்டேங்காவொ. பாட்ட நிப்பாட்டியாச்சே, பெறவு எதுக்கு நிக்காவொ?" அண்ணன் அங்கேயே மண்ணில் நின்று பாடினார். கம்பெனி, வலிப்பு நோய் இல்லை என்று டாக்டர் சான்றிதழ் கேட்டது.

வேலையை விட்டுவிடச் சொல்லி நான் அண்ணியிடம் கெஞ்சினேன். "வூட்ல குந்திக்கினு இருந்தா மட்டும் பாட்டு வராதா தம்பி? தெருவுல ஆட்டோ போவுது, பக்கத்து வூட்ல ரேடியோ கீது" என்றார் அண்ணி. "எனக்கு இன்னா ஆவுதுன்னே எனக்குத் தெரியாது. கண்ணு தொறந்தா எல்லாரும் என்னியப் பாத்துகினு நிக்கிறாங்க. ஒடம்பு வலிக்குது. அந்த நேரம் எனக்கு இல்லாமப் போவுது, அதான் கஷ்டம். வேலைய வுட்டா மிச்ச நேரமும் இல்லாமப் பூடும்." எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அடுத்த முறை அது பஸ்ஸாக இருக்காது, போனை உள்ளே விடுகிற அவருடைய கம்பெனியின் ஃபோர்க்லிஃப்ட் பாதையாக இருக்கலாம். அப்போது அண்ணன் பக்கத்தில் இருக்கமாட்டார். யார் போனிலிருந்து எப்போது அது கிளம்பும் என்று எவராலும் சொல்ல முடியாது.

மறுநாள் அண்ணன் ஜமால் பாயின் கடைக்கு வந்தார். நானும் இருந்தேன். "பாய், அந்தப் பாட்டத் திரும்ப வாங்க முடியுமா?" என்று கேட்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கேசட்டுன்னா மூட்ட கட்டலாம் பாண்டு அண்ணா. இத்த இன்னாத்த கட்டறது? எத்தினி கார்டுல கீதுன்னு அந்த அல்லாவுக்குத்தான் தெரியும்." அண்ணன் கல்லாப் பலகையில் விரலால் தட்டினார். பிறகு, "அப்ப மீதியப் போடு" என்றார். "ஆல்பம் போடலாம்னியே, போடு. ஆறு பாட்டோ ஏழு பாட்டோ. ஆனா மொதப் பாட்டு முழுசா இருக்கணும். கூப்புடறதும் அனுப்பறதும் ஒண்ணா ஒட்டிக்கினு, எவனும் பிரிக்க முடியாம. பழசு எங்கெல்லாம் கீதோ அங்கெல்லாம் இத்தப் போட்டு அத்த அழி. நான் பக்கத்துல இல்லன்னாலும் எங் கொரலு போயி அவள அனுப்பணும்." பதினான்கு வருடத்துக்குப் பிறகு 'கூட்டுரோடு' திரும்பக் கூடியது இப்படித்தான். பேருக்காகவோ பழைய நினைப்புக்காகவோ இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாயின் கடை மாடியில் ஒத்திகை. மற்ற பாட்டுகள் சுலபமாக வந்தன. ஓவர்டைம் பார்க்கிறவனைப் பற்றி ஒன்று, அறைக்குள் எட்டுப் பேர் முறை வைத்துத் தூங்குவதைப் பற்றி ஒன்று. அதில் கிதாரும் பம்பையும் ஒன்றையொன்று துரத்தும். வாசிக்கும்போது நான்கூடச் சிரித்திருக்கிறேன். ஆனால் முதல் பாட்டை மட்டும் ஒத்திகை பார்க்கவே இல்லை. சும்மா கூப்பிடக் கூடாது என்றார் அண்ணன். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன், உங்களுக்குப் பயமில்லையா என்று. "பயம் இல்லாதவன் பம்பையத் தொடக் கூடாது ஸ்டீபா" என்றார். "நான் ஒவ்வொரு கோயில்லயும் பயந்துகினுதான் அடிக்கிறேன். வந்தவ போவலன்னா இன்னா பண்ணுவேன்னு. நீ என்னியப் பாத்தா அது தெரியாது. பயத்த மூஞ்சில வெச்சிக்கக் கூடாது, கையில வெச்சிக்கணும்." அவருடைய தாளம் ஏன் ஒருபோதும் பிசகியதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பதிவு குன்றத்தூருக்கு வெளியே ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்த ஸ்டுடியோவில் நடந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். எந்த மணிக்குப் போகும், எந்த மணிக்கு வரும் என்று விசாரித்து, நடுவில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தைக் குறித்துக்கொண்டோம். வள்ளி அண்ணியும் வந்திருந்தார், துவைத்துக் கட்டிய மஞ்சள் புடவையில். எதிரே ஆள் இல்லாமல் அழைப்பையும் வழியனுப்பையும் பாடுவது பொய்ப் பாட்டு என்று அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணியிடம் அவர் கேட்கவும் தயங்கினார். "நான்தானே வரணும்? வரேன்" என்று அண்ணியே முடித்துவிட்டார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறைக்குள் கற்பூரம் ஏற்றக் கூடாது என்றார் ஸ்டுடியோக்காரர். அதனால் மைக்கை நீளமான வயரோடு முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். கிளிக் சத்தத்துக்கு ஏற்ப வாசியுங்கள் என்று ஹெட்போனைக் கொடுத்தபோது, அண்ணன் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்தாவது நிமிடத்துக்கு முன்பே அண்ணிக்கு வந்துவிட்டது. அதே நிலைகுத்திய பார்வை. அண்ணன் தாளத்தை மாற்றி, வழியனுப்பைத் தொடங்கும் நேரத்தில் ஸ்டுடியோவின் ஜன்னலில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது. ஸ்டுடியோக்காரர் கையை விரித்தார். ஜமால் பாயின் கீபோர்டு ஊமையானது. அண்ணன் நிறுத்தவில்லை. வெறும் பம்பையோடு முழுவதும் பாடி, கற்பூரம் காட்டி, அண்ணியை அனுப்பினார். அண்ணி நல்லபடியாகக் கண் திறந்து, தண்ணீர் கேட்டு, தரையில் உட்கார்ந்தார். ஆனால் அந்த நான்கு நிமிடம் பதிவாகவில்லை. இரண்டாவது முறையும் அழைப்பு மட்டும் எங்கள் கையில் இருந்தது, அனுப்பு இல்லை. பாய் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ஆல்பமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. அண்ணன் பம்பையை உறைக்குள் போட்டுக் கட்டத் தொடங்கியிருந்தார். "ஒரே நாள்ல ரெண்டு தபா கூப்புட்டது எங்கப்பா காலத்துலயும் இல்ல. அவ ஒடம்பு தாங்காது" என்றார். முடிச்சைக் கட்டிய அவருடைய கையை அண்ணி எட்டிப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தபா கூப்புடு. இன்னிக்கி வுட்டா நீ அப்பால கூப்புட மாட்ட, எனக்குத் தெரியும்." அண்ணன் முடிச்சை அவிழ்த்தார். அந்த இரண்டாவது பாட்டுத்தான் நீங்கள் எல்லோரும் கேட்டது. கவனித்துக் கேட்டால், வழியனுப்பின் மூன்றாவது வரியில், 'பாதி வழி நிக்காதே தாயே' என்ற இடத்தில், அண்ணனின் குரல் நடுங்கும். அதுவரை கையில் மட்டும் வைத்திருந்த பயம் அங்கே குரலுக்கு வந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் அதைச் சரிசெய்து தருகிறேன் என்றார். இந்த முறை எதையும் குறைக்கவோ திருத்தவோ நான் விடவில்லை.

ஆல்பத்துக்கு 'மீதி' என்றே பெயர் வைத்தோம். யார் கார்டு கொடுத்தாலும் ஜமால் பாய் பழையதை அழித்துப் புதியதை ஏற்றினார். அப்படியும் பழையது ஒழியவில்லை. பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அதைக் கேட்டால் அண்ணன் அந்த ஆளிடம் போய், "தம்பி, இதுல கடைசி இல்ல, என்னாண்ட முழுசா கீது" என்று சொல்லி ப்ளூடூத்தில் அனுப்புவார். பதினான்கு நிமிடப் பாட்டு மெதுவாகத்தான் போகும். அது போய்ச் சேரும்வரை அவர் இறங்க மாட்டார். தன் ஸ்டாப்பைத் தாண்டி சுங்குவார்சத்திரம் வரை போய், திரும்ப வேறு பஸ் பிடித்து வந்த நாட்கள் உண்டு. செக்யூரிட்டி வேலையில் அத்தனை பேருடைய போனும் அவர் கைக்குத்தான் வரும். "இவ்ளோ போனு என் கையில கீது, எதுல பழசு கீதுன்னு ஒண்ணயும் தொறந்து பாக்க முடியலயே" என்று ஆற்றாமையோடு சொல்வார்.

ஒன்றை மட்டும் அவர் செய்யவே இல்லை. பதிவான அந்தக் குரல், அவர் நேரில் இல்லாமல், அண்ணியை அனுப்புமா என்று நாங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் கேட்டபோது அவருக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "சோதிச்சுப் பாக்க அவ இன்னா மெஷினா?" இந்த மூன்று வருடத்தில் அண்ணிக்கு இரண்டு முறை சாமி வந்தது, இரண்டு முறையும் அவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். ஆக, எதற்காக அந்த ஆல்பத்தைப் போட்டோமோ அது வேலை செய்யுமா என்று தெரியாமலேதான் அவர் போனார்.

மறுநாள் காலை பிள்ளைப்பாக்கத்தில் சாமியானாவுக்குக் கீழே, ஐஸ் பெட்டிக்குள் அவர் இருந்தார். வள்ளி அண்ணி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, வெறித்துக்கொண்டிருந்தார். அண்ணனோடு வேலை பார்த்த செக்யூரிட்டி ஒருவர் மாலையோடு வந்து குனிந்தபோது அவருடைய போன் அடித்தது. நண்பர் பாட்டு என்று பாசமாக வைத்திருந்த ரிங்டோன், 'அழைப்பு'. மாலையை வைத்துக்கொண்டு அவரால் போனை உடனே எடுக்க முடியவில்லை. சட்டைப் பையில் பம்பை அதிர்ந்தது, அண்ணனின் குரல் அம்மனைக் கூப்பிட்டது. அண்ணி எழுந்து நின்றார். பெண்கள் அலறி விலகினார்கள். சாவு வீட்டில் சாமி வரக் கூடாது என்று ஒருவர் கத்தினார். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த பெரிய பம்பைக்காரரை எல்லோரும் பார்க்க, அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தீட்டு வூட்ல நான் வாயத் தொறக்க முடியாதுபா, என்னிய வுட்டுடுங்க."

அண்ணி பெட்டிக்குள் இருந்த முகத்தை யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அண்ணன் இறந்ததே தெரியாத இடத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். அங்கேயே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. திரும்பக் கூட்டி வந்தால் எதற்குக் கூட்டி வருகிறோம்? அப்போது அண்ணியின் பார்வை என் மேல் வந்தது. கல்யாணப் பந்தலில் கத்தியோடு பார்த்த அதே பார்வை. நான் போனை எடுத்தேன். இரண்டும் ஒட்டிய ஒரே பாட்டு. வழியனுப்பு தொடங்குகிற இடத்துக்கு விரலால் தள்ளிப் போக வேண்டும். கொஞ்சம் முன்னால் விழுந்தால் திரும்ப அழைப்புதான் கேட்கும். இரண்டு முறை என் விரல் தவறியது. ஜமால் பாய் ஒரு எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார். மூன்றாவது முறை சரியான இடத்தில் விழுந்தது. போனைச் சொம்புக்குள் போட்டேன், சத்தம் பெருகி வந்தது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள்.

முதல் வரி. அண்ணி அசையவில்லை. இரண்டாவது வரி. அப்போதும் அசையவில்லை. 'பாதி வழி நிக்காதே தாயே' என்ற இடத்தில் அந்தக் குரல் நடுங்கியபோது, அண்ணியின் தலை மெல்லச் சாய்ந்தது, பழக்கமான ஒரு சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல. நான்கு நிமிடமும் அப்படியே கேட்டார். முடிந்ததும் கையை நீட்டி, கற்பூரத்தை உள்ளங்கையில் வாங்கி மூடினார். தோள்கள் தளர்ந்தன. தண்ணீர் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், இந்த முறை யாரென்று தெரிந்து. "யோவ்" என்றார், "என்னியக் கூட்டாந்து வுட்டுட்டு நீ எங்கயா போற?" பிறகுதான் அழுதார். அந்தப் பந்தலில் அழாதவர் யாருமில்லை.

அண்ணி இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு நடுக்கம்தான், திருத்தாமல் விட்ட அந்த ஒரு வரி. அந்த வரி வரும் வழியனுப்பை மட்டும் அண்ணியின் போனிலும் ஏற்றித் தருகிறேன், வேண்டும்போது அவர் குரலைக் கேட்கலாம் என்றேன். அண்ணி போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "வாணாம் தம்பி. அது அனுப்பற பாட்டு. நான் இன்னும் அவர அனுப்பல." அவர் கேட்கும் நாள் வரை அந்தக் குரலை அவருக்காக நான் வைத்திருக்கிறேன்.